நிபா தொடர்புப் பட்டியலில் இருப்பவர்கள் செய்யக் கூடாத தவறுகள்

2018-இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிபா என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோய் பரவியபோது தொடர்புப் பட்டியலில், அதாவது நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்களின் பட்டியலில், 2,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். பெரும்பாலானோருக்கு நோய் வரவே இல்லை. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. அதனால்தான் நோயாளியோடு நெருங்கிப் பழகியவர் நன்றாக நடமாடினாலும் 21 நாள் தனியாக இருக்கச் சொல்கிறார்கள்.

நிறையப் பேர் தடுமாறுவது டெஸ்ட் முடிவில்தான். நிபா உடலில் புகுந்து அறிகுறி காட்டப் பொதுவாக 4 முதல் 14 நாள் ஆகும். அரிதாக 45 நாள்கூட ஆகியிருக்கிறது. ஐந்தாம் நாள் நெகட்டிவ் என்றால், அன்றைக்கு வைரஸ் அகப்படவில்லை, அவ்வளவுதான். பத்தாம் நாள் காய்ச்சல் வரலாம். 21 நாளும் முடிய வேண்டும்.

அந்த நாள்களை எங்கிருந்து எண்ணுவது? நோயாளியைக் கடைசியாகச் சந்தித்த நாளிலிருந்து. 3-ஆம் தேதியும் 5-ஆம் தேதியும் பார்த்தீர்கள், சுகாதாரத் துறை 9-ஆம் தேதி கூப்பிட்டது என்றால் கணக்கு 5-இல் தொடங்கும். நடுவில் வீட்டிலேயே இன்னொருவருக்கு நோய் உறுதியானால், அவரைக் கடைசியாக நெருங்கிய நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டும்.

"ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரம்தான் நின்றேன்" என்று சொல்லாமல் விடாதீர்கள். 2018-இல் தொற்று அதிகம் பரவியதே மருத்துவமனைகளில்தான். வேறு நோய்க்கு வந்தவர்களும் துணைக்கு இருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். நோயாளியைக் கவனித்த பேராம்பிரா மருத்துவமனைச் செவிலியர் லினி உயிரையே கொடுத்தார்.

காய்ச்சலடித்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு "ஒன்றுமில்லை" என்று போனில் சொல்வது மிக ஆபத்து. பஸ் ஏறிப் பக்கத்து கிளினிக்குக்குப் போவதும் அப்படித்தான். முதலில் உங்களைக் கண்காணிக்கும் சுகாதாரப் பணியாளரைக் கூப்பிடுங்கள். அதற்காக நெஞ்சுவலி, பிரசவ வலி வந்தாலும் வீட்டிலேயே கிடக்க வேண்டியதில்லை. 108-ஐக் கூப்பிட்டு, பட்டியலில் இருப்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

தனிமை விதியைத் தெரிந்தே மீறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 273-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் உண்டு. ஆனால் வெளியே வருகிறவர்கள் பலரும் சட்டத்தை மீற நினைத்து வருவதில்லை. அரிசியோ சர்க்கரை மாத்திரையோ தீர்ந்திருக்கும். தினமும் உடல்நிலை விசாரிக்கப் போன் வரும்போது கூச்சப்படாமல் அதையும் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் பாலையும் மாத்திரையையும் வாசலில் வைத்துவிட்டுப் போகலாம்; அதில் எந்த ஆபத்தும் இல்லை.