ஏழை நோன்பாளிகளுக்குக் கஞ்சி: எங்கள் மஹல்லாவில் (பள்ளிவாசலைச் சேர்ந்த பகுதியில்) செய்யும் முறை

முதலில் அரிசி. ரமலான் நோன்புக் கஞ்சிக்குத் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி தருகிறது. ஜமாஅத் (பள்ளிவாசல் நிர்வாகம்) மூலம் முன்கூட்டியே ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். மற்றச் செலவுக்கு ஸதகா, அதாவது விரும்பிக் கொடுக்கும் தர்மப் பணம் போதும். கட்டாயக் கடமையான ஜகாத்தை இதில் கலக்காதீர்கள். பள்ளிவாசல் கஞ்சியை வசதியுள்ளவர்களும் குடிப்பார்கள், ஜகாத்தோ ஏழையின் கைக்கே போய்ச் சேர வேண்டியது.

ஒரு கிலோ நொய்யரிசிக்கு 9 லிட்டர் தண்ணீர் வைத்தால் ஏறக்குறைய 40 டம்ளர் வரும். லுஹர் (நண்பகல் தொழுகை) தொழுததும் அடுப்பு பற்றவையுங்கள். பட்டை, கிராம்பு, வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி, கைமா எல்லாம் நன்றாக வதங்கிய பிறகு தண்ணீர் ஊற்றி, கொதித்ததும் அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம். துடுப்பை விடாமல் கிண்ட ஆள் வேண்டும். தேக்சா (பெரிய சமையல் பாத்திரம்) அடிப்பிடித்தால் மொத்தமும் தீய்ந்த வாடைதான். தேங்காய்ப்பால் கடைசியில். அப்புறம் கொதிக்க விடாதீர்கள், திரிந்துவிடும். ஆற ஆறக் கஞ்சி இறுகும், அதனால் பக்கத்திலேயே ஒரு பானை வெந்நீர் இருக்கட்டும்.

அஸர் எனும் மாலைத் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள். வர முடியாதவர்களைத்தான் நாம் தேட வேண்டும்: இத்தாவில் (கணவர் இறந்த பிறகோ மணவிலக்குக்குப் பிறகோ காத்திருக்கும் காலத்தில்) இருக்கும் பெண்கள், படுத்த படுக்கையான முதியவர்கள், வரிசையில் நிற்கக் கூச்சப்படும் குடும்பங்கள். யார் யார் என்று பாங்கு சொல்லும் மோதினாரிடம் கேட்டால் தெரியும். மூடிபோட்ட வாளியில் கஞ்சி, கூடவே வடை, பேரீச்சம்பழம் வைத்து, நோன்பு திறக்கும் நேரமான மக்ரிபுக்கு அரைமணி நேரம் முன்பே வீட்டில் கொடுத்துவிடுங்கள். வாங்குபவரைத் தயவுசெய்து போட்டோ எடுக்காதீர்கள்.