குதிரையின் சிறுநீர்ப்பைக் கல்: கண்டறிவதும் அகற்றுவதும்

ஓடி முடித்து லாயத்துக்குத் திரும்பிய குதிரையின் சிறுநீரில், குறிப்பாகக் கடைசியில் வரும் பகுதியில், இரத்தம் கலந்திருந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது சிறுநீர்ப்பைக் கல்லையே. ஓட்டத்தில் கல் குலுங்கிப் பையின் உட்சுவரை உராய்வதால் இரத்தம் கசிகிறது. ஓய்வு நாளில் அது தென்படாமலே போகலாம். அடிக்கடி காலை அகட்டி, வாலைத் தூக்கி, முக்கிச் சிறிதளவே கழிப்பதும், பெண் குதிரையின் பின்தொடைத் தோல் சிறுநீர் பட்டுப் புண்ணாவதும் மற்ற அறிகுறிகள். சிறுநீரை வெளியேற்றும் குழாயான சிறுநீர்த்தாரை நீண்டு குறுகியிருப்பதால் ஆண் குதிரைகளிலேயே, அதிலும் காயடிக்கப்பட்டவற்றில், இந்நோய் மிகுதி.

கலங்கலை மட்டும் கண்டு முடிவுக்கு வரக் கூடாது. குதிரையின் சிறுநீர் இயல்பிலேயே காரத்தன்மை உடையது. கால்சியம் கார்பனேட் படிகங்களும் சளியும் கலந்து கலங்கித்தான் இருக்கும். தரையில் விழுந்து சற்று நேரம் கழித்துச் செந்நிறமாவதும் இரத்தம் ஆகாது என்பதால், சுத்தமான பாத்திரத்தில் பிடித்து உடனே பார்க்க வேண்டும்.

மருத்துவர் குதிரையை மயக்க ஊசியால் அமைதிப்படுத்தி, பையில் சிறுநீர் நிறைந்திருந்தால் குழாய் வழியே வடித்துவிட்டு, மலக்குடல் வழியாகத் தடவிப் பார்ப்பார். கல் பெரும்பாலும் பையின் கழுத்தருகே இருப்பதால் மணிக்கட்டு வரை கையைச் செலுத்தினாலே போதும்; அவசரப்பட்டு முழங்கை வரை செலுத்துபவர் கல்லைத் தாண்டிப் போய்விடுவார். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுமானால் அது கல்லன்று, பை செயலிழந்ததால் தேங்கிய மணல் போன்ற வண்டல்; அதற்கு அறுவை வேண்டாம், பையைக் கழுவுவதோடு நரம்புக் கோளாற்றையும் தேட வேண்டும். பின்னர் அல்ட்ராசவுண்ட், எண்டோஸ்கோப், இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கழிவுப்பொருள்), சிறுநீரில் கிருமி வளர்ப்புச் சோதனை ஆகியவற்றைச் செய்வது முறை. கிரியேட்டினின் அளவு தெரியுமுன் ஃபீனைல்பியூட்டசோன் போன்ற வலிநிவாரணி கொடுப்பது சிறுநீரகத்துக்கு ஆபத்து.

அகற்றப்பட்ட கல்லைக் கையில் எடுத்தால், பெரும்பாலும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், நெருஞ்சிக் காயைப் போல முள்முள்ளாக இருக்கும். அந்த நெருஞ்சியைக் கஷாயமாக்கிக் கொடுத்தாலும், வாழைத்தண்டுச் சாற்றைப் புகட்டினாலும் இது கரையாது. பெண் குதிரைக்கு நின்ற நிலையிலேயே தண்டுவட மரப்பூசி போட்டு, சிறுநீர்த்தாரையை விரித்து, கையாலேயே வெளியே எடுத்துவிடலாம். ஆண் குதிரைக்கு ஆசனவாய்க்குக் கீழே கீறி, இடுக்கியால் எடுக்கவோ லேசரால் உடைக்கவோ வேண்டும். பெரிய கல்லுக்கு முழு மயக்கத்தில் வயிற்றைத் திறப்பார்கள். இயன்றவரை கல்லை முழுதாக எடுப்பதே நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் உள்ளே தங்கும் துணுக்கு அடுத்த கல்லுக்குக் கருவாகிறது. சிறுநீர் முற்றிலும் நின்று, சூலை வந்ததுபோல் குதிரை துடித்தால், கல் சிறுநீர்த்தாரையை அடைத்திருக்கலாம். பை வெடிக்குமுன் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கல்லை அகற்றிய பிறகு, கால்சியம் மிகுந்த குதிரை மசால் (லூசர்ன்) தீவனத்தைக் குறைத்து உலர்ந்த புல்லுக்கு மாற்ற வேண்டும். நாளொன்றுக்கு 50 முதல் 75 கிராம் உப்பைத் தீவனத்தில் கலந்து, எந்நேரமும் தண்ணீர் கிடைக்கச் செய்தால் குதிரை அதிகம் குடித்து அதிகம் கழிக்கும். சிறுநீரின் காரத்தன்மையைக் குறைக்கும் அம்மோனியம் குளோரைடைப் பல குதிரைகள் முகர்ந்ததுமே ஒதுக்கிவிடுவதால், வெல்லப்பாகில் குழைத்து, மருத்துவர் சொல்லும் அளவில் மட்டுமே கொடுக்க வேண்டும்.