உங்கள் ஷாட் எந்த ஊருக்குப் போகும்? சிங்கப்பூர் விஎஃப்எக்ஸ் கலைஞர்களுக்கு ஒரு கணக்கு வழிகாட்டி

ஒன்-நார்த் வட்டாரத்தின் சேண்ட்கிராலர் கட்டடத்தில் இயங்கிவந்த, இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் என்ற விஎஃப்எக்ஸ் (திரைப்படங்களுக்குக் கணினியில் செய்யும் காட்சி விளைவுகள்) நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கூடம் (ஸ்டூடியோ) ஆண்டு இறுதிக்குள் மூடப்படும் என்ற அறிவிப்பு 2023 ஆகஸ்ட் மாதம் வெளியானது. 300க்கும் மேற்பட்டோரின் வேலை பாதிக்கப்பட்டது. 2009இல் இங்கு வந்த இன்னொரு விஎஃப்எக்ஸ் நிறுவனமான டபுள் நெகட்டிவ், அதற்கும் முன்பே, 2016இல் தன் சிங்கப்பூர்க் கூடத்தை மூடியிருந்தது. அதே குழுமம் இப்போது சென்னையிலும் மும்பையிலும் பெரிய கூடங்களை நடத்துகிறது. இந்த இரண்டு முடிவுகளையும் இங்கிருந்த கலைஞர்களின் திறமைக் குறைவோடு யாரும் தொடர்புபடுத்தவில்லை. ஒரு ஷாட், அதாவது வெட்டில்லாமல் ஓடும் ஒரு காட்சித் துண்டு, எங்கே செய்யப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கணக்கைத் தயாரிப்பாளரும் கூடத்தின் நிதிப் பிரிவும் போடுகிறார்கள். கலைஞருக்கு அதன் விடை மட்டும் ஒரு நாள் வந்து சேருகிறது. அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பதற்கும், விடை உங்களுக்குச் சாதகமாக இல்லாதபோது உரிய நேரத்தில் நகர்வதற்கும் உதவுவதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

முதலில் ஒரு ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்

படத் தயாரிப்பு நிறுவனம் ஷாட் பட்டியலை அனுப்பும். கூடம் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ரோட்டோ (உருவத்தின் ஓரத்தை வரைந்து பிரிப்பது), பெயிண்ட் (வேண்டாததை அழிப்பது), மேட்ச்மூவ் (கேமராவின் அசைவைக் கணினியில் மீட்பது), லைட்டிங் (ஒளியமைப்பு), காம்ப் (எல்லாவற்றையும் ஒரே படமாக இணைப்பது) எனப் பிரிவுவாரியாக எத்தனை மனித நாள் (ஒருவரின் ஒரு நாள் வேலை) ஆகும் என்று மதிப்பிட்டு, நாள் கட்டணத்தால் பெருக்கி, நிர்வாகச் செலவைச் சேர்த்து ஒரு பிட் (விலைப்புள்ளி) கொடுக்கும். தயாரிப்பாளர் அந்தத் தொகையை அப்படியே பார்ப்பதில்லை. அந்த நாட்டு அரசு வரிச் சலுகையாகத் திருப்பித் தரும் பணத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவது எவ்வளவு என்றுதான் பார்க்கிறார்.

முறை புரிவதற்காக மட்டும் சில எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். இவை எந்தக் கூடத்தின் உண்மையான கட்டணமும் அல்ல. 20 மனித நாள் பிடிக்கும் ஒரு ஷாட்டுக்குச் சிங்கப்பூரில் நாளொன்றுக்கு 450 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் 9,000 வெள்ளி ஆகிறது. கனடாவின் வான்கூவரில் நாள் கட்டணம் 500 வெள்ளி என்றால் 10,000 வெள்ளி. ஆனால் அதில் 8,000 ஊதியமாக இருந்து, ஊதியத்தில் 40 விழுக்காடு சலுகையாகத் திரும்பினால், தயாரிப்பாளர் உண்மையில் செலவிடுவது 6,800 வெள்ளிதான். சென்னையில் நாள் கட்டணம் 120 வெள்ளி என்று கொண்டு, திருத்தங்களையும் சேர்த்து 30 நாள் ஆகும் என்று தாராளமாக மதிப்பிட்டு, மேற்பார்வைக்கும் கோப்புப் பரிமாற்றத்துக்கும் 1,200 வெள்ளி கூட்டினாலும் 4,800 வெள்ளியில் முடிந்துவிடுகிறது.

இந்த மூன்று கணக்குகளையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஊதியம் அதிகமான ஊரும் சிங்கப்பூரை முந்துகிறது, ஊதியம் குறைவான ஊரும் முந்துகிறது. 'இந்தியாவில் மலிவாகச் செய்கிறார்கள், அதனால் நம் வேலை போகிறது' என்று மட்டும் சொல்பவர்கள் கணக்கின் ஒரு பாதியைத்தான் பார்க்கிறார்கள். நம்மில் பலருக்கு அண்ணன் இங்கே, தம்பி சென்னையில் அதே மென்பொருளுக்கு முன்னால் அமர்ந்திருக்கும் நிலை உண்டு. தம்பியின் சம்பளத்தைப் பகையாகப் பார்ப்பதில் எந்தப் பயனும் இல்லை.

அடுத்து, அதே ஷாட் கடினமானது என்று வைத்துக்கொண்டு கணக்கை மாற்றுங்கள். இயக்குநருக்கே என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரியாத ஒரு வெள்ளக் காட்சி. சென்னையில் 30 நாள் என்று நினைத்தது 60 நாளாகிறது, மேற்பார்வைச் செலவு 3,000 வெள்ளியாகிறது. மொத்தம் 10,200 வெள்ளி. இப்போது சிங்கப்பூரின் 9,000 வெள்ளி நியாயமான விலையாகத் தெரிகிறது. நீங்கள் செய்யும் வேலையின் முடிவை முன்கூட்டியே எழுத்தில் விவரிக்க முடியுமானால் அது எளிதாக வேறு ஊருக்கு நகரும். செய்து பார்த்தால்தான் தெரியும் என்றால் நகர்வது கடினம்.

சலுகைகளைக் கவனித்துவாருங்கள்

வரிச் சலுகைச் செய்திகளைக் கலைஞர்கள் படிப்பதில்லை. படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் அடுத்த ஆண்டு ஷாட்டுகள் எந்தத் திசையில் போகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் வெளிநாட்டுத் தயாரிப்புகளுக்கான ஊதியச் சலுகையை 2025 ஜனவரி முதல் தொடங்கும் படங்களுக்கு 28 விழுக்காட்டிலிருந்து 36 ஆக உயர்த்தியது. விஎஃப்எக்ஸ் ஊதியத்துக்கு 16 விழுக்காடு அதற்கு மேல் தனியாகவும் உண்டு. பிரிட்டன் 2025இல் விஎஃப்எக்ஸ் செலவுக்கான சலுகையை 39 விழுக்காடாக்கியது. ஆஸ்திரேலியாவின் மத்திய அரசு 30 விழுக்காடு தருகிறது. இந்தியா 2023 நவம்பரில் தன் ஊக்கத்தொகையை 40 விழுக்காடாக உயர்த்தி, உச்சவரம்பை 30 கோடி ரூபாய் என்று வைத்தது. சிங்கப்பூரிலோ தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தயாரிப்பு உதவிகளும் பயிற்சி மானியங்களும் உள்ளனவே தவிர, இங்கே செய்யப்படும் ஒவ்வொரு வெளிநாட்டுப் படத்தின் ஊதியத்திலும் ஒரு பங்கைத் தானாகத் திருப்பித் தரும் ஏற்பாடு இல்லை.

சலுகை தரும் ஊரிலும் வேலை நிரந்தரமல்ல. கனடாவின் கியூபெக் மாநிலம் 2024இல் தன் சலுகை விதிகளை இறுக்கியதும் அங்குள்ள மொன்றியல் நகரக் கூடங்கள் சுருங்கின. ஊதியம் குறைவான ஊரும் அப்படித்தான்: 2025 பிப்ரவரியில் விஎஃப்எக்ஸ் நிறுவனங்களை நடத்திவந்த டெக்னிகலர் குழுமம் வீழ்ந்தபோது லண்டன் ஊழியர்களோடு சேர்ந்து பெங்களூரு ஊழியர்களும் தெருவில் நின்றார்கள். 2013 பிப்ரவரியில் அமெரிக்க விஎஃப்எக்ஸ் நிறுவனமான ரிதம் அண்ட் ஹியூஸ் திவால் மனு கொடுத்தபோது அதற்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கோலாலம்பூரிலும் கிளைகள் இருந்தன. அதே மாதம் அது பணியாற்றிய 'லைஃப் ஆஃப் பை' சிறந்த விஎஃப்எக்ஸுக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. முழுத் தொகையை முன்பே பேசி முடித்துவிட்டு, இயக்குநர் கேட்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் கூடமே சுமக்க வேண்டியிருக்கும் ஒப்பந்த முறை இருக்கும்வரை, மலிவான கிளையைத் திறப்பது நட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுமே ஒழிய நீக்காது.

உங்கள் நாளைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு வாரம் முழுவதும் நீங்கள் செய்த வேலையைப் பொதுவான சொற்களில் குறித்துவையுங்கள். படத்தின் பெயரோ படங்களோ வேண்டாம். ரகசிய ஒப்பந்தத்தை மீறாத அளவில், எந்த வகை வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்பது போதும்.

எடுத்துக்காட்டாக, சண்டைக் காட்சியில் நடிகரைத் தூக்கிய கம்பியை அழிக்கும் 5 வினாடி ஷாட். 24 பிரேம் கணக்கில் 120 பிரேம். கம்பி வானத்தின் மீது ஓடும் இடங்களில் அது ஒரு பழகிய கை செய்யும் வேலை. கம்பி நடிகரின் தலைமுடிக்குப் பின்னால் புகுந்து, காற்றில் அலையும் முடியிழைகளுக்கு இடையே வெளிவரும் 30 பிரேம்களில்தான் சிக்கல்: முடியின் ஓரம் மங்கலாகவும் வேண்டும், பின்னணிப் படப்பதிவின் நுண்புள்ளிகள் (கிரெய்ன்) அசையவும் வேண்டும். இருந்தாலும் இவ்வளவு நுட்பமான வேலைக்கும் எழுத்தில் ஒரு விவரணை கொடுத்துவிடலாம்: 'கம்பி தெரியக்கூடாது, வேறெதுவும் மாறக்கூடாது.' அதனால்தான் ரோட்டோவும் பெயிண்டும் மேட்ச்மூவும் முதலில் கடல் கடந்தன. வேலை எளிது என்பதால் அவை போகவில்லை. முடிவு சரியா தவறா என்பதை யாரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியும் என்பதால் போயின.

வேலை அனுமதி விதிகளும் இதற்குத் துணைபோகின்றன. வெளிநாட்டு நிபுணர்கள் சிங்கப்பூரில் வேலை செய்யத் தேவைப்படும் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஜனவரி முதல் 5,600 வெள்ளி. தொடக்கநிலை ரோட்டோ கலைஞருக்கு அந்தச் சம்பளம் கொடுக்கக் கூடம் முன்வராது. இடைநிலைத் திறனாளர்களுக்கான எஸ் பாஸுக்கு ஒதுக்கீட்டு வரம்பும், முதலாளி செலுத்த வேண்டிய தீர்வையும் உண்டு. ஆள் இங்கே வர முடியாதபோது வேலை ஆள் இருக்கும் இடத்துக்குப் போகிறது.

உங்கள் குறிப்பில் பாதிக்கு மேல் இவ்வகை வேலைகளாக இருந்தால், மாற்றத்தைத் தொடங்க வேண்டிய காலம் இதுதான். கூடத்துக்குள்ளேயே கிடைக்கும் அறிகுறிகளையும் கவனியுங்கள்: வேறு நாட்டுக் குழுவுக்குப் பயிற்சிக் காணொளி தயாரிக்கச் சொல்கிறார்கள், விலகியவர்களின் இடம் நிரப்பப்படுவதில்லை, படத்தின் முழுப் பகுதிகள் வருவது நின்று பிறர் முடிக்காத துண்டு ஷாட்டுகள் மட்டும் வருகின்றன. மூன்றாவது அறிகுறியை நான் மிகவும் தீவிரமாக எடுத்துக்கொள்வேன்.

எந்தப் பக்கம் நகர்வது

காம்ப் கலைஞர், நெருப்பு, நீர் போன்ற விளைவுகளை உருவாக்கும் ஹூடினி மென்பொருளைக் கற்றுக்கொள்வது நல்லதுதான். ஆனால் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைவிட, கணக்குப் போடும் மேசைக்கு அருகே நகர்வது அதிகப் பாதுகாப்பு தரும். பிட் தயாரிப்பது, படப்பிடிப்புத் தளத்தில் விஎஃப்எக்ஸ் மேற்பார்வை செய்வது, பல ஊர்க் கூடங்களுக்கு இடையே ஷாட்டுகளைப் பகிர்ந்து தரத்தைச் சரிபார்ப்பது, பைப்லைன் (கோப்புகளைப் பிரிவுக்குப் பிரிவு நகர்த்தும் மென்பொருள் ஏற்பாடு) எழுதுவது ஆகியவை வேலை வெளியே போகப்போகத் தேவை கூடும் பொறுப்புகள்.

இங்கே சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இயல்பாகவே ஓர் அனுகூலம் இருக்கிறது. அதைப் பலரும் சம்பளப் பேச்சில் முன்வைப்பதே இல்லை. கோடைகாலத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் மாலை 6 மணி ஆகும்போது இங்கே மறுநாள் காலை 9, சென்னையில் காலை 6.30. அமெரிக்க மேற்பார்வையாளர் வீட்டுக்குக் கிளம்பும் முன் சொல்லும் குறிப்புகளைக் கேட்டு, தெளிவுபடுத்தி, சென்னைக் குழு வந்து அமரும்போது அவர்களின் மொழியிலேயே 'இந்த ஓரம் கூர்மையாக இருக்கிறது, லென்ஸின் மங்கலோடு பொருந்தவில்லை' என்று விளக்கக்கூடியவர் இருந்தால், தவறாகப் புரிந்துகொள்வதால் வீணாகும் வெர்ஷன்கள் (திருத்திச் செய்த பதிப்புகள்) குறையும். மேலே போட்ட கணக்கில் 30 நாளை 60 நாளாக்கியதில் இத்தகைய வீணுக்கும் பங்கு உண்டு. 'எனக்குத் தமிழ் தெரியும்' என்று சொன்னால் யாருக்கும் மதிப்புப் புரியாது. 'என் ஒருங்கிணைப்பில் ஒரு ஷாட்டுக்கு இத்தனை வெர்ஷன் குறைந்தது' என்று காட்டினால் புரியும். அந்த எண்ணிக்கையை இன்றிலிருந்தே குறித்துவையுங்கள்.

படத்துறைக்கு வெளியே விளையாட்டு நிறுவனங்கள், கட்டடக் காட்சிப்படுத்தல், பயிற்சிச் சிமுலேட்டர்கள், விளம்பரம் எனச் சிங்கப்பூருக்குள்ளேயே வாடிக்கையாளரைக் கொண்ட வேலைகளும் உள்ளன. 40 வயதை எட்டிய குடிமக்களுக்கு 2024 மே மாதம் வழங்கப்பட்ட, திறன் பயிற்சிக்கான 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிதியை இதற்குப் பயன்படுத்தலாம்.

ஆட்குறைப்புக் கடிதம் வந்துவிட்டால்

அன்றே எதிலும் கையெழுத்திட வேண்டாம். படித்துப் பார்க்க அவகாசம் கேளுங்கள். குறைந்தது 10 ஊழியர்களைக் கொண்ட நிறுவனம், ஊழியருக்கு அறிவித்த 5 வேலை நாள்களுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் பணியாற்றியவர்கள் ஆட்குறைப்பு அனுகூலம் (வேலை இழப்புக்கான தொகை) கேட்கத் தகுதி பெறுகிறார்கள்; சட்டம் தொகையைக் கட்டாயமாக்கவில்லை, எனவே ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம்வரை என்பது பரவலான வழக்கம். சம்பள பாக்கி குறித்த புகாரைச் சர்ச்சை நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதத்துக்குள் அளிக்க வேண்டும். வேலை இழந்த குடிமக்களில் சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கு, 2025 ஏப்ரலில் தொடங்கிய திட்டத்தின்கீழ் ஆறு மாதங்களில் அதிகபட்சம் 6,000 வெள்ளி கிடைக்கலாம்.

பாஸில் இருப்பவர்கள் நேரத்தைக் கணக்கிட்டுச் செயல்பட வேண்டும். பாஸ் ரத்தானதும் பொதுவாக 30 நாள் தங்க அனுமதி கிடைக்கிறது. வரித் தீர்வு (நீங்கள் கட்ட வேண்டிய வருமான வரியைக் கணக்கிட்டு முடிப்பது) முடியும்வரை முதலாளி உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை நிறுத்திவைப்பார் என்பதால், கடைசி மாதச் சம்பளத்தை நம்பி வீட்டு வாடகையையோ ஊருக்கு அனுப்பும் பணத்தையோ திட்டமிடாதீர்கள். கிளம்பும் முன் எந்த ஷாட்டுகளை ஷோரீலில் (உங்கள் வேலையின் மாதிரிக் காணொளியில்) சேர்க்கலாம், எப்போதிலிருந்து சேர்க்கலாம் என்பதை மின்னஞ்சலில் எழுத்தாகப் பெற்றுக்கொள்ளுங்கள்; அலுவலகம் மூடிய பிறகு பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கமாட்டார்கள்.

தனியாளாகக் கூலிக்குச் செய்யத் தொடங்குபவர்கள் கூடங்களைச் சாய்த்த அதே ஒப்பந்த முறையைத் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. விலைப்புள்ளியில் மொத்தத் தொகையை மட்டும் எழுதாமல், அதற்குள் எத்தனை சுற்றுத் திருத்தம் அடங்கும், அதற்கு மேல் நாளொன்றுக்கு எவ்வளவு, கருத்து வரத் தாமதமானால் ஒப்படைப்புத் தேதி எப்படி நகரும், முதல் வெர்ஷனுக்கு முன் எத்தனை விழுக்காடு முன்பணம் என்ற நான்கையும் எழுதுங்கள். வாடிக்கையாளர் முதல் விவரணையை மாற்றிப் புதிதாக ஒன்றைக் கேட்டால், அது திருத்தமல்ல, புதிய ஷாட் என்பதையும் அதே தாளில் குறிப்பிட்டு, அவருடைய ஒப்புதல் வந்த பிறகே கோப்பைத் திறங்கள்.