பழைய வீட்டில் மேல்தளம் விழுந்தால் இன்சூரன்ஸ் க்ளெய்ம் செய்வது எப்படி?

சென்னையின் பழைய தெருக்களில் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தேக்கு உத்தரம், அதன்மேல் குத்துவாட்டில் அடுக்கிய செங்கல், சுண்ணாம்பு ஜல்லி, தட்டோடு. இப்படியொரு மேல்தளம் விழுந்து க்ளெய்ம் போட்டால், கம்பெனிக்கு முக்கியமான கேள்வி ஒன்றுதான்: ஏன் விழுந்தது? கீழே சொல்லும் எல்லா வேலையும் அதற்குப் பதில் சேர்க்கத்தான்.

முதலில் ஆட்களை வெளியேற்றி, மெயின் சுவிட்சை அணையுங்கள். மிச்சமிருக்கும் கூரைக்கு முட்டுக் கொடுத்து, தார்ப்பாய் போடுங்கள். சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது உங்கள் பொறுப்பு. ஆனால் இடிபாட்டை அள்ளும் முன் போட்டோ, வீடியோ எடுத்துவிடுங்கள். உடைந்த உத்தரத்தில் ஒரு துண்டை எடுத்து வையுங்கள், கொத்தனார் விறகுக்குக் கொண்டுபோய்விடப் போகிறார்.

அடுத்தது பாலிசி. 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான பாலிசி வந்திருக்கிறது. புயல், வெள்ளம், மின்னல், நிலநடுக்கம், மரம் விழுவது, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிவது எல்லாம் அதில் உண்டு. கரையான், உளுத்துப்போனது, வருஷக்கணக்கான நீர்க்கசிவு இவற்றுக்குப் பணம் எதிர்பார்க்க முடியாது. வீட்டுக் கடன் இருந்தால் வங்கி வழியாக எடுத்த பாலிசி ஏதும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொல்லி க்ளெய்ம் எண் வாங்குங்கள். படிவத்தை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ‘சீலிங் விழுந்தது’ என்று மட்டும் எழுதாமல், எந்த நாள், என்ன புயல், எந்தப் பக்கம் தண்ணீர் இறங்கியது என்று எழுதுங்கள். உதாரணமாக, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் விழுந்திருந்தால், அந்தத் தேதியின் வானிலை மையப் பதிவும் செய்தித்தாள் நறுக்கும் உங்களுக்குச் சாட்சி.

அப்புறம் சேதத்தை மதிப்பிட சர்வேயர் வருவார். தகவல் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் கம்பெனி அவரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை தரவேண்டும் என்பது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 விதி. அவர் கண் முதலில் போவது உத்தரம் சுவருக்குள் நுழையும் முனைக்கு. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்ப்பார். மரம் மாவாக உதிர்ந்தால் பழைய நோய். நார்நாராகப் பிளந்து, உள்ளே நிறம் வெளிறிப் புதிதாக இருந்தால், சமீபத்தில் பாரம் தாங்காமல் முறிந்திருக்கிறது. இரண்டும் கலந்திருந்தால்தான் வாக்குவாதம். அப்போது தட்டோடு மாற்றிய பில், கரையான் மருந்து அடித்த ரசீது எல்லாம் கைகொடுக்கும். நம்மவர்களுக்கு ஒரு பழக்கம்: ‘எப்பவோ விழ வேண்டியது சார், தாத்தா காலத்து வீடு’ என்று தாமாகவே சொல்லிவிடுவார்கள். சர்வேயர் அதை எழுதிக்கொள்வார். பொய் சொல்ல வேண்டாம், ஊகத்தையும் சொல்ல வேண்டாம்.

சேதம் பெரிது என்றால் கட்டுமானப் பொறியாளரிடம் காரணம் குறித்து அறிக்கை வாங்குங்கள். பொறியாளர் கட்டணம் க்ளெய்ம் தொகையில் 5 சதவீதம் வரையும், இடிபாடு அகற்றும் செலவு 2 சதவீதம் வரையும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியிலேயே கிடைக்கும். எஸ்டிமேட்டில் இடிந்த பகுதியைத் தனியாகக் காட்டுங்கள். இதுதான் சாக்கு என்று வீடு முழுக்கக் காங்கிரீட் போடும் செலவைச் சேர்த்தால், மொத்த எஸ்டிமேட்டையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், சர்வே அறிக்கையின் நகலையும் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன், அதாவது கம்பெனிக்கு வெளியே இருக்கும் குறைதீர்ப்பாளர். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அங்கே கொண்டுபோகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால் கம்பெனி நிராகரித்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.