டிராக்டர் பேக்ஹோவில் பம்ப் கப்ளிங் தேய்ந்து போனால்

ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் நம் பக்கம் தூர் வாரும் வேலை நடக்கும், பழைய வண்டிகள் படுத்துக்கொள்வதும் சரியாக அந்த ஏப்ரல், மே மாதங்களில்தான். தண்ணீர் வந்துவிட்டால் அப்புறம் வாய்க்காலுக்குள் வண்டி இறங்காது. அவசரத்தில் கைக்கு வந்ததைச் செய்துவிடாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது டிராக்டரில் பூட்டிய பேக்ஹோ, அதாவது பக்கெட் வைத்து மண் தோண்டும் கை. என்ஜினுக்கு முன்னால் கிராங்க் புல்லியிலிருந்து ஒரு ஷாஃப்ட் வந்து ஹைட்ராலிக் பம்பைச் சுற்றும் வகை. ஷாஃப்டும் பம்பும் சேரும் இடத்தில் ஸ்ப்ளைன் கப்ளிங் இருக்கும், ஷாஃப்டின் நீளவாட்டுப் பற்கள் உள்ளே கவ்வும் இணைப்பு அது, தேய்வது அங்கேதான். முன்பக்கம் கரகரவென்று ஒரு சத்தம் வரும், பக்கெட்டில் களிமண் ஏறினால் பூம் என்ற தூக்கும் கை தயங்கும், ஒருநாள் எந்த லிவரை இழுத்தாலும் ஒன்றும் அசையாது. அப்போது என்ஜின் சத்தத்தைக் கவனியுங்கள். லிவரைக் கடைசி வரை இழுத்துப் பிடித்தால் என்ஜின் கொஞ்சம் திணற வேண்டும். திணறாமல் லேசாகவே ஓடினால் பம்பில் பிரஷர் ஏறவில்லை. ஆயில் அளவு சரியாக இருந்தால் பம்பைக் குறை சொல்வதற்கு முன் கப்ளிங்கைப் பாருங்கள்.

பூமையும் பக்கெட்டையும் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, எல்லா லிவரையும் முன்னும் பின்னும் ஆட்டி லைனில் இருக்கும் பிரஷரை விடுங்கள், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது, பிரஷரில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அட்டையைக் காட்டிப் பாருங்கள். அப்புறம் பம்பைச் சுற்றி இருக்கும் சேற்றை டீசலும் பிரஷ்ஷும் வைத்து முழுக்கச் சுத்தம் செய்த பிறகே போல்ட்டில் கை வையுங்கள். கழற்றிய ஹோஸ் வாய்களைச் சுத்தமான பிளாஸ்டிக்கால் கட்டிவிடுங்கள்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு வாய்க்காலில் நின்றுபோன வண்டியில் கப்ளிங்கை உருவியதும் உள்ளங்கையில் செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியது. கிரீஸ் வற்றி இரும்போடு இரும்பு உரசிய அடையாளம் அது. பம்ப் ஷாஃப்ட் பற்கள் கத்தி முனை மாதிரி கூர்ந்திருந்தன. உங்கள் வண்டியிலும் பல்லின் பக்கவாட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், படி தட்டினால் அந்த ஷாஃப்டும் போயிற்று. பழைய ஷாஃப்டில் புதுக் கப்ளிங்கை மட்டும் போட்டால் சீக்கிரமே அதையும் தின்றுவிடும். ஷாஃப்ட் நன்றாக இருந்தால் கப்ளிங்கை மட்டும் லேத்தில் செய்துகொள்ளலாம், இ.என்.24 என்ற உறுதியான எஃகில் செய்து, சூடேற்றிக் கடினமாக்கும் ஹார்டனிங் போடச் சொல்லுங்கள், ஷாஃப்டையும் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள்.

கப்ளிங்கையும் ஷாஃப்டையும் சேர்த்து வெல்டிங் வைத்து ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தச் சூட்டில் ஆயில் சீல் கருகும், என்ஜின் அதிர்வு முழுக்க பம்ப் புஷ்ஷில் இறங்கும், கப்ளிங் விலையில் முடிய வேண்டியது பம்ப் விலைக்குப் போய்விடும்.

பல் தேய்ந்ததற்குக் காரணம் கிரீஸ் வற்றியது மட்டுமில்லை. பெரும்பாலும் பம்ப் பிராக்கெட் போல்ட் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் அதன் ஓட்டை நீண்டுபோய் பம்ப் இறங்கியிருக்கும். அதனால் பம்பை ஏற்றுவதற்கு முன்னால் கிராங்க் பக்கத்து ஹப்பில் டயல் கேஜை (நுண்ணிய விலகலை முள்ளில் காட்டும் அளவுகோல்) மாட்டி, என்ஜினைக் கையால் சுற்றி, பம்ப் உட்காரும் துளையின் உள்வட்டத்தையும் முகத்தையும் அளந்து பாருங்கள். முள் காட்டும் விலகலை நான் கால் மில்லிமீட்டரைத் தாண்ட விடுவதில்லை. பித்தளைத் தகடு வைத்துச் சரிசெய்ய ஒரு மதியம் முழுக்கப் போனாலும் போகட்டும், மொத்த வேலைக்கும் உயிர் இதில்தான் இருக்கிறது.

பூட்டும்போது ஸ்ப்ளைனில் மோலி கிரீஸை (மாலிப்டினம் கலந்த கிரீஸ்) நன்றாகத் தடவுங்கள். ஷாஃப்ட் முனைக்கும் கப்ளிங் அடிக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடம் இருக்கட்டும், முட்டினால் பம்பின் உள் தகடுகள் தேயும். ஓ-ரிங் புதிது போடுங்கள். பம்பின் வாயில் ஆயில் ஊற்றி நிரப்பிய பிறகு டேங்கிலிருந்து ஆயில் இழுக்கும் சக்‌ஷன் ஹோஸை மாட்டி கிளாம்பை இறுக்குங்கள். அங்கே காற்று இழுத்தால் பம்ப் ஊளையிடும், டேங்க் ஆயில் பால் மாதிரி நுரைக்கும்.

ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஐடிலில் விடுங்கள், லிவரைத் தொட வேண்டாம். பிறகு ஒவ்வொரு சிலிண்டராக மெதுவாக நீட்டி மடக்கி, ஆயில் அளவை மறுபடி பாருங்கள். பத்து மணி நேரம் ஓடியதும் பிராக்கெட் போல்ட்டை இன்னொரு தடவை இறுக்கிவிடுங்கள், அதிலும் களிமண் வெட்டிய வண்டியென்றால் அன்று சாயங்காலமே.