சனிக்கிழமையே முக்கால் சமையல்: ஆராதனை முடிந்து வரும் பத்துப் பேருக்கு ஞாயிறு மதியச் சாப்பாடு

அந்நியரை உபசரிக்கச் சொல்கிறது வேதாகமத்தில் ரோமர் 12:13. அதை முறுமுறுப்பில்லாமல் செய்யச் சொல்கிறது 1 பேதுரு 4:9. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் முதலாவதைச் செய்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. இரண்டாவதுதான் இடிக்கும். எட்டரை மணி ஆராதனைக்குப் போய், பதினொரு மணிக்குத் திரும்பி, சேலையைக்கூட மாற்றாமல் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் எந்த மனுஷிக்கும் முறுமுறுப்பு வரும். விருந்தாளிகள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, வீட்டுக்காரர் மட்டும் அடுப்படியில் நிற்பார். இயேசு வீட்டுக்கு வந்த அன்றைக்கு மார்த்தாள் மாட்டிக்கொண்டதும் இதே இடத்தில்தான். ஆபிரகாம் மம்ரேயில் மாவு பிசையச் சொல்லி ஓடினார் என்றால், அங்கே விருந்தாளிகள் சொல்லாமல் வந்து நின்றார்கள். நம் வீட்டுக்கு வருகிறவர்களிடம் போன வாரமே சொல்லியாயிற்று. ஓட வேண்டிய அவசியமில்லை.

ஒவ்வொரு பதார்த்தத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது ஒரு ராத்திரி இருந்தால் ருசி கூடுமா, கெடுமா? கறிக்குழம்பு கூடும். பருப்பு தாங்கும். தேங்காய் தாங்காது. சோறு ஆபத்து. இந்தக் கணக்கில் போட்ட சாப்பாடு இது: தேங்காய்ப்பால் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய் மாங்காய் தால்சா, வெங்காயத் தயிர்ப்பச்சடி, அப்பளம், பாசிப்பருப்புப் பாயாசம். அளவு எல்லாம் பெரியவர்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் என்று வைத்து.

அழைக்கும்போதே கேட்டுவிட வேண்டியவை

யார் கறி சாப்பிட மாட்டார்கள், யாருக்கு உப்போ சர்க்கரையோ கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தால்சாவில் எலும்பு போடாமல் விட்டால் சைவக்காரருக்கு அதுவே குழம்பாகிவிடும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலமாக இருந்தால் பல வீடுகளில் கறி தொட மாட்டார்கள். அப்போது பலாப்பிஞ்சு கிடைக்கும் பருவம். இதே மசாலாவில் பலாப்பிஞ்சுக் குழம்பு வைக்கலாம். ஸ்தோத்திரப் பண்டிகை, அசனம் (சபையாருக்கான பொது விருந்து) இருக்கிற ஞாயிறுகளில் யாரையும் அழைக்காதீர்கள், எல்லாரும் அங்கேயே சாப்பிட்டிருப்பார்கள். திருவிருந்து (ஆராதனையில் அப்பமும் ரசமும் பகிர்வது) உள்ள ஞாயிறு என்றால் ஆராதனை முடிய நேரமாகும். கீழே சொல்கிற நேரங்களை அரை மணி தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐயரையும் (சபைப் போதகர்) ஐயரம்மாவையும் எல்லாரும் அழைப்பார்கள். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த குடும்பம், விடுதியில் இருக்கிற பிள்ளைகள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து போகிற பெரியவர் ஆகியோரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

வெள்ளி மாலை

ஃபிரிட்ஜில் ஒரு தட்டு முழுவதையும் காலி செய்யுங்கள். இதைச் செய்யாமல் சனி இரவு பத்து மணிக்குக் குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடுகிறவர்கள்தான் அதிகம். சின்ன வெங்காயம் அரைக் கிலோ உரித்து டப்பாவில் மூடி வையுங்கள். இஞ்சி 50 கிராம், பூண்டு 60 கிராம் அரைத்து, அதில் பாதியைக் குழம்புக்கு, பாதியைச் சோற்றுக்கு என்று பிரித்து வையுங்கள். தேங்காய் ஐந்து வாங்கவேண்டும்: சோற்றுக்கு இரண்டு, பாயாசத்துக்கு இரண்டு, குழம்புக்கு ஒன்று.

கறிக்குழம்பு: சனிக்கிழமை

கறியைச் சனி காலையிலேயே வாங்கிவிடுங்கள். ஞாயிறு காலை கறிக்கடையில் நிற்கிற கூட்டத்தை விட இன்னொரு காரணம் உண்டு: அப்போதுதான் அறுத்த கறி விறைப்பாக இருக்கும், சில மணி நேரம் குளிரில் இருந்தால் நார் தளரும். இரண்டு கிலோ வேண்டும். தொடையும் நெஞ்செலும்பும் கலந்து கேளுங்கள். தனித் தொடைக்கறி மறுநாள் சூடு பண்ணும்போது சக்கையாகும். நெஞ்செலும்பின் கொழுப்புதான் குழம்பைத் தாங்குகிறது. துண்டு ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கழுவி, மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, தயிர் நான்கு மேசைக்கரண்டி, உப்பு ஒரு மேசைக்கரண்டி பிசறி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மாலை நான்கு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் போதும். 150 மில்லி நல்லெண்ணெயில் பட்டை இரண்டு துண்டு, கிராம்பு ஆறு, சோம்பு ஒரு மேசைக்கரண்டி, கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் 400 கிராமை வதக்குங்கள். அது பொன்னிறம் தாண்டிச் சிவக்கும் வரை, பன்னிரண்டு நிமிடமாவது ஆகும், அவசரப்படக் கூடாது. அரைவேக்காட்டு வெங்காயம் மறுநாள் குழம்பில் இனித்துக் கிடக்கும். பிறகு இஞ்சி பூண்டு, பச்சை வாடை போனதும் தக்காளி 400 கிராம். தக்காளி கரைந்து எண்ணெய் ஓரத்தில் பிரியும்போது தீயைக் குறைத்து மிளகாய்த்தூள் மூன்று, மல்லித்தூள் ஐந்து, மிளகுத்தூள் ஒரு மேசைக்கரண்டி போட்டு ஒரு நிமிடம் கிளறுங்கள். அதற்கு மேல் கிளறினால் தூள் கருகிக் கசக்கும். கறியைப் போட்டு, தண்ணீர் விடாமல் பத்து நிமிடம் பிரட்டி, இன்னொரு மேசைக்கரண்டி உப்பும் ஒரு லிட்டர் வெந்நீரும் ஊற்றுங்கள்.

குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ஏழு லிட்டருக்குக் குறைந்த குக்கர் என்றால் இரண்டு தடவையாக வையுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி, இளங்கறிக்குப் பன்னிரண்டு நிமிடம், முற்றலுக்கு இருபது. ஆவி தானாக அடங்கட்டும். கறி முக்கால் பதத்துக்கு மேல் வெந்து, விரலால் அழுத்தினால் பிய்ய வேண்டும், ஆனால் எலும்பை விட்டுக் கழன்றிருக்கக் கூடாது. மிச்சப் பதம் ஞாயிறு கொதியில் வரும். சனிக்கிழமையே பூவாக வெந்த கறி ஞாயிறு மதியம் நார் நாராகப் பிரிந்து குழம்பில் மிதக்கும்; அப்புறம் பரிமாறக் கரண்டியில் எலும்புதான் வரும்.

சனிக்கிழமை போடக் கூடாதவை இரண்டு. ஒன்று தேங்காய் அரைப்பு. இந்தப் பக்கத்து வெயிலில் குழம்பை முதலில் புளிக்க வைப்பது அதுதான். மற்றொன்று உருளைக்கிழங்கு. அது ராத்திரி முழுக்கக் குழம்பைக் குடித்துவிட்டு, காலையில் கரைந்து கிடக்கும். உப்பையும் முழுதாகப் போடாதீர்கள். முக்கால் போதும், மறுநாள் குழம்பு இறுகி உப்பு ஏறித் தெரியும்.

ஆறவைப்பது

சமைப்பதைவிட இதில்தான் அதிகம் தவறுகிறார்கள். நான்கு லிட்டர் குழம்பு ஒரே சட்டியில் இருந்தால் நடுப்பகுதி ஆற ராத்திரி பாதியாகும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில்தான் கிருமி பெருகும். கறிக்குழம்பில் வேக்காட்டுக்குத் தப்புகிற கிருமி வித்துகள் உண்டு. குழம்பு மெள்ள ஆறினால் அவை முளைத்துக்கொள்ளும். “காலையில் ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்” என்பது பாதி உண்மை. கிருமி சாகும், சில கிருமிகள் விட்டுவைத்த நஞ்சு கொதியில் போகாது.

ஆகவே குழம்பை அகலமான இரண்டு மூன்று எவர்சில்வர் பாத்திரங்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள். தாம்பாளத்தில் குளிர்ந்த தண்ணீர் விட்டு அதில் பாத்திரங்களை வைத்து, அவ்வப்போது கிளறுங்கள். ஐஸ் கட்டி இருந்தால் தண்ணீரில் போடலாம். முக்கால் மணியில் கைச்சூட்டுக்கு வந்துவிடும். இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் மூடி ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். அலுமினியச் சட்டியிலோ ஈயம் பூசாத பித்தளையிலோ விடாதீர்கள், தக்காளிப் புளிப்பு உலோகத்தை அரிக்கும். கரண்ட் அடிக்கடி போகிற நாளில் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

சனி இரவு மற்ற வேலைகள்

துவரம்பருப்பு 250 கிராம், கடலைப்பருப்பு 50 கிராம், மஞ்சள், பத்துப் பல் பூண்டு சேர்த்து வேகவைத்து மசித்து ஆறவையுங்கள். காய் இப்போது வேண்டாம், கத்தரிக்காய் கறுத்துக் குழையும். எலுமிச்சை அளவு புளியை மட்டும் கரைத்து வடிகட்டி வையுங்கள்.

பாயாசத்துக்கு 250 கிராம் பாசிப்பருப்பை வாசம் வரும் வரை வறுத்து, குழைய வேகவைத்து, 400 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றிக் கொதிக்கவிட்டு இறக்குங்கள். வடிகட்டாத வெல்லத்தில் மண் இருக்கும். சேமியாப் பாயாசத்தை முதல் நாளே வைக்க நினைக்காதீர்கள், காலையில் களியாகிவிடும்.

நான்கு தேங்காயைத் துருவி, வெதுவெதுப்பான தண்ணீரில் பால் பிழிந்து, முதல் பாலும் இரண்டாம் பாலும் தனித்தனியாக உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே வெண்ணெய் போலக் கட்டியிருக்கும்; கெட்டுப்போகவில்லை, அது கொழுப்பு. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கலக்கினால் கரையும். ஐந்தாவது தேங்காயைச் சோம்பு, கசகசா ஒரு மேசைக்கரண்டியோடு மையாக அரைத்துத் தனி டப்பாவில் வையுங்கள். ஒரு லிட்டர் பாலை உறை ஊற்றுங்கள். தூங்கப் போகுமுன் உறைந்திருந்தால் உள்ளே வையுங்கள், புளிக்காது. அப்பளத்தைப் பொரித்து, நன்றாக ஆறவிட்டுக் காற்றுப் புகாத டின்னில் போடுங்கள். மழைக்காலமானால் மட்டும் மறுநாள் பொரிப்பது உத்தமம்.

ஞாயிறு, ஆராதனைக்குப் புறப்படுமுன்

இருபது நிமிட வேலைதான். காய் நறுக்குங்கள்: கத்தரிக்காய் 300 கிராம் தண்ணீரில், மாங்காய் ஒன்று, முருங்கைக்காய் இரண்டு. உருளைக்கிழங்கு நான்கை வேகவைத்துத் தோலோடு விட்டுவிடுங்கள். ஒன்றேகால் கிலோ சீரகச் சம்பாவைக் கல் பார்த்து அளந்து வையுங்கள், ஊறவைக்க வேண்டாம். குழம்பை இப்போதே சுடவைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும். நாலு மணி நேரம் அடுப்பின் மேல் வெதுவெதுப்பாகக் கிடந்தால், நேற்று ஆறவைத்த பாடு வீண்.

பதினொன்று முதல் பன்னிரண்டரை வரை

அரிசியைக் கழுவி இருபது நிமிடம் மட்டும் ஊறவையுங்கள். கூடினால் சீரகச் சம்பா உடையும். அதற்குள் ஒரு அடுப்பில் குழம்பு, மூடி போட்டுச் சிறு தீயில். இறுகியிருக்கிறதே என்று உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள், கொழுப்பு உருகினால் தானாக இளகும். மேலே உறைந்த கொழுப்பு அதிகமென்றால் இளகுமுன் பாதியை வழித்தெடுங்கள். இளகியதும் தேங்காய் அரைப்பை முந்நூறு மில்லி வெந்நீரில் கரைத்து ஊற்றி, உருளைக்கிழங்கும் போட்டு, எட்டு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். இதற்குப் பிறகுதான் உப்பு பார்க்க வேண்டும். ராத்திரி போன வாசத்தைத் திருப்பிக் கொண்டுவர, தேங்காய் எண்ணெயில் நான்கு சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி சோம்பு புதிதாகத் தாளித்துக் கொட்டுங்கள். இறக்கி மூடிவிட்டால் அரை மணி சூடு நிற்கும்.

இரண்டாவது அடுப்பில் தால்சா. காய்களைப் புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, உப்போடு வேகவிட்டு, மாங்காயைக் கடைசியில் போட்டு, நேற்றைய பருப்பை வெந்நீர் விட்டு உடைத்துச் சேருங்கள். மாங்காய் நல்ல புளிப்பென்றால் புளியைப் பாதியாக்குங்கள்.

சோறு மட்டும் அன்றைக்கே வைக்க வேண்டும். அரிசியில் இருக்கிற ஒரு கிருமி வித்து வேகவைத்தாலும் சாவதில்லை, வெந்த சோறு வெளியே கிடந்தால் அது பெருகி நஞ்சு விடும். பத்து லிட்டர் பாத்திரத்தில் நெய் நான்கு, எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி. பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிரிஞ்சி இலை. பெரிய வெங்காயம் மூன்று, பச்சை மிளகாய் ஆறு, மீதி இஞ்சி பூண்டு, ஒரு கைப்பிடி புதினா. அரிசி அளந்த தம்ளரால் ஒன்றுக்கு ஒன்றே முக்கால் நீர். அதில் பாதி தேங்காய்ப்பால், பாதி தண்ணீர். உப்புப் போட்டபின் நீரைச் சுவைத்தால் கொஞ்சம் கரிக்க வேண்டும், சோறு இழுத்துக்கொள்ளும். கொதி வந்ததும் அரிசி. நீர் அரிசி மட்டத்துக்கு வற்றியதும் அடியில் தோசைக்கல்லை வைத்து, மூடி, மிகச் சிறு தீயில் பதினைந்து நிமிடம். தோசைக்கல் இல்லாவிட்டால் தேங்காய்ப்பால் அடிபிடித்து முழுப் பாத்திரமும் தீய்ந்த வாடை வீசும். அணைத்துப் பத்து நிமிடம் திறக்காதீர்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் பாயாசப் பருப்பைச் சுடவைத்து, இரண்டாம் பால் ஊற்றிக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, முதல் பாலை ஊற்றி, ஏலக்காயும் நெய்யில் வறுத்த முந்திரியும் சேருங்கள். முதல் பால் கொதித்தால் திரிந்து மணல் மணலாக நிற்கும். நானூறு கிராம் வெங்காயத்தை மெல்லிசாகச் சீவித் தயிரில் கலந்து வையுங்கள். இலை போட்ட பிறகுதான் அதற்கு உப்பு, முன்பே போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

எல்லாரும் உட்கார்ந்து, வந்தவர்களில் பெரியவர் ஜெபித்து முடித்த பிறகு சோற்றுப் பாத்திரத்தைத் திறங்கள். நீண்ட ஜெபம் என்றாலும் தம்மில் இருக்கிற சோற்றுக்குக் கேடில்லை. முதல் பந்தியிலேயே வீட்டுக்காரரும் உட்கார்ந்துவிடுங்கள். கரண்டிகளை நடுவில் வைத்தால் கைமாறிப் பரிமாறிக்கொள்வார்கள்.

மிச்சத்தை இரண்டு மணிக்குள் எடுத்துவையுங்கள். தேங்காய் சேர்ந்த குழம்பை இன்னொரு முறைதான் சுடவைக்கலாம், அதுவும் அன்று இரவுக்குள். விடுதிப் பிள்ளைகளுக்கும் தனியாக வந்த பெரியவருக்கும் கொடுத்துவிட இரண்டு தூக்குவாளியைக் காலையிலேயே கழுவிக் கவிழ்த்து வைத்திருங்கள். அவர்கள் செருப்பு மாட்டுகிற நேரத்தில் தேடினால் கிடைக்காது.