காரைக்குடிக் கடையில் 120 கிரானா: வாங்குமுன் தண்ணீரில் நிறுத்துப் பாருங்கள்

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், மங்குச் சாமானுக்கும் மரச் சிற்பத்துக்கும் நடுவே கைப்பிடி கனத்தில் ஓர் இத்தாலிய வெள்ளிக்காசு கண்ணில் பட்டால், முதலில் எழுத்தைப் படியுங்கள். நேப்பிள்ஸைத் தலைநகராகக் கொண்ட இரு சிசிலி அரசு 1816 முதல் 1861 வரை இருந்தது. அதன் பெரிய வெள்ளிக்காசு 120 கிரானா; பியாஸ்திரா என்பார்கள். ஒருபுறம் இரண்டாம் பெர்டினாண்டின் தலை (ஆட்சி 1830–1859). பெயரில் 'யு' வர வேண்டிய இடத்தில் 'வி' இருக்கும். மறுபுறம் முடிசூடிய கேடயம், அடியில் 'ஜி 120'. விளிம்பில் 'ப்ராவிடென்ஷியா ஆப்டிமி ப்ரின்சிபிஸ்' என்ற லத்தீன் எழுத்து ஓடும்.

சரியான எடை 27.53 கிராம், வெள்ளி 1000-க்கு 833 பங்கு, குறுக்களவு ஏறத்தாழ 37 மில்லிமீட்டர். தேய்ந்த காசு கொஞ்சம் குறையும். 24 கிராம் காட்டினால் அங்கேயே வைத்துவிடுங்கள். காந்தம் பெரிதாக உதவாது, பித்தளைப் போலியும் அதில் ஒட்டாது.

உரைகல்லில் தேய்க்கப் பத்தரிடம் கொடுக்க வேண்டாம். ஒரு கீறலே விலையைக் குறைக்கும், மேல்முலாம் பூசியதாக இருந்தால் உரசலும் ஏமாற்றும். அடர்த்திதான் பொய் சொல்லாது. 0.01 கிராம் காட்டும் தராசில் பாதித் தண்ணீர் உள்ள டம்ளரை வைத்துச் சுழியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். தராசு 2.70 கிராம் அளவில் காட்ட வேண்டும். காசின் எடையை (தேயாததானால் 27.53) அதனால் வகுத்தால் 10.2 வரும்; 833 வெள்ளிக்கு அதுதான் கணக்கு. எடையைச் சரிக்கட்டத் தடிமன் கூட்டிய செம்பு–நிக்கல் போலி 3.1 காட்டும். காசு தேய்ந்தால் எடைதான் குறையும், அடர்த்தி மாறாது.

2.70-க்கு மேல் காட்டினால் காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருக்கலாம்: கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு மறுபடி பாருங்கள். திடீரென்று பத்து கிராமுக்கு மேல் ஏறினால் காசு அடியில் உட்கார்ந்துவிட்டது. 0.1 கிராம் தராசு இந்த வேலைக்கு ஆகாது, 2.6-க்கும் 2.8-க்கும் இடையே அடர்த்தி 10.6-லிருந்து 9.8-க்குப் போய்விடும். காசை ஒற்றித் துடையுங்கள், தேய்க்காதீர்கள்.

நல்ல வெள்ளியிலேயே வார்த்த போலி இதில் தப்பிவிடும். அதற்கு விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: சுற்றிவரும் ஒட்டுக்கோடு, எழுத்தடியில் ஊசிக்குழிகள் தெரிந்தால் வார்ப்பு. அச்சடித்த காசில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும்.

வீட்டு வழக்கப்படி விபூதியோ புளியோ போட்டு விளக்கிவிடாதீர்கள். அந்தக் கருமைக்கும் சேர்த்துத்தான் சேகரிப்பாளர் பணம் தருகிறார். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த காசு என்றால் வெள்ளி விலைதான்: சுத்த வெள்ளி 22.9 கிராம் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் கேட்டால் திருப்பிக் கொடுங்கள்.